அண்ணன் ரத்தம் சேராது, அந்நியர் ரத்தம் சேரும்

கேள்வி: டாக்டர், என் மூத்த மகன் வளைகுடா நாடு ஒன்றில் கட்டுமான வேலை பார்க்கிறான். போன வருஷம் அங்கே சாலை விபத்தில் தொடை எலும்பு முறிந்து நிறைய ரத்தம் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் நாலு பாட்டில் ரத்தம் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். யார் கொடுத்த ரத்தம் என்று எங்களுக்குத் தெரியாது. பிலிப்பைன்ஸ், பாகிஸ்தான், எகிப்து, நேபாளம் என்று பல நாட்டு ஆட்களும் அங்கே ரத்தம் கொடுப்பார்களாம். இப்போது நன்றாக நடக்கிறான், வேலைக்கும் போகிறான். கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இந்த நேரத்தில் எங்கள் சொந்தத்தில் ஒரு பெரியவர், “வேற நாட்டுக்காரன் ரத்தம் உடம்புல ஓடுது, நாளைக்குப் பிள்ளைகளுக்கு அந்தக் குணம் வராதா?” என்று கிளப்பிவிட்டார். என் அண்ணனோ, “நாங்க பக்கத்துல இருந்திருந்தா எங்க ரத்தத்தையே கொடுத்திருப்போம், அதுதான் பத்திரம்” என்கிறார். காலேஜில் படிக்கும் சின்ன மகன், “உலகத்துல எல்லாருக்கும் ஒரே ரத்தம்தாம்மா” என்று சிரிக்கிறான். மூன்று பேரில் யார் சொல்வது சரி?

- ஒரு தாய், தென்காசி மாவட்டம்

பதில்: அம்மா, முதலில் கல்யாணப் பேச்சுக்கு வந்த இடைஞ்சலைத் தீர்த்துவிடுவோம். உங்கள் மகனுக்கு ஏற்றிய ரத்தத்திலிருந்து அவருக்குப் பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கு எந்தக் குணமும் போகாது. விபத்தில் அடிபட்டவர்களுக்கு முக்கியமாக ஏற்றுவது, ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த சிவப்பணுக்களை. முதிர்ந்த சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது. பரம்பரைக் குணங்களைச் சுமக்கும் மரபணுக்கள் இருக்கும் இடமே அந்த உட்கருதான். மரபணு இல்லாத அணு எந்த நாட்டுக் குணத்தையும் கொண்டுவர முடியாது. நுரையீரலில் ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு போய் உடம்பெங்கும் இறக்குவதுதான் அதன் வேலை.

அந்த வேலையும் கொஞ்ச நாளைக்குத்தான். ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். உங்கள் மகனுக்கு ஏற்றிய அணுக்கள் நாலு மாதத்துக்குள் முதிர்ந்து அழிந்திருக்கும். அவற்றிலிருந்த இரும்பை உடம்பு எடுத்து, தன் எலும்பு மஜ்ஜையில் புதிய அணுக்களைச் செய்துகொண்டிருக்கும். இன்று அவர் உடம்பில் ஓடுவது அவருடைய மஜ்ஜையே தயாரித்த ரத்தம். பிள்ளைக்குத் தகப்பனிடமிருந்து போவது விந்தணுவில் உள்ள மரபணுக்கள். ரத்தம் ஏற்றியதால் அவை மாறுவதில்லை.

பெண் வீட்டார் கேட்கக்கூடிய நியாயமான கேள்வி ஒன்று உண்டு. ரத்தம் வழியாகத் தொற்று ஏதும் வந்திருக்குமா என்பது அது. கொடுத்தவர் எந்த நாட்டுக்காரர் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தானமாக வரும் ரத்தத்தை எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ் முதலியவற்றுக்குச் சோதித்த பிறகே ஏற்றுகிறார்கள். நம் நாட்டில் மலேரியாவுக்கும் சோதிக்கிறோம். இருந்தாலும் உங்கள் மகன் ஒருமுறை இந்தச் சோதனைகளைச் செய்து கையில் வைத்துக்கொண்டால் யாருக்கும் சந்தேகம் மிஞ்சாது. பெண்ணும் செய்துகொள்ளலாம். கல்யாணத்துக்கு முன் இருவரும் செய்துகொள்வது நல்ல பழக்கம்.

அடுத்து, சின்ன மகன் சொன்னதைப் பார்ப்போம். எல்லாருக்கும் ஒரே ரத்தமா? ஏறக்குறைய ஆமாம். அந்த ‘ஏறக்குறைய’ என்ன என்று முதலில் கண்டவர் வியன்னாவில் வேலை பார்த்த கார்ல் லேண்ட்ஸ்டெய்னர். அவருக்கு முன்பு மனிதருக்கு மனிதர் ரத்தம் ஏற்றியபோது சிலர் பிழைத்தார்கள், சிலர் செத்தார்கள். காரணம் யாருக்கும் விளங்கவில்லை. லேண்ட்ஸ்டெய்னர் தன் ரத்தத்தையும் ஆய்வகத்தில் தன்னுடன் வேலை பார்த்தவர்களின் ரத்தத்தையும் எடுத்து, ஒருவர் சீரத்தை (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரை) இன்னொருவர் அணுக்களோடு கலந்து பார்த்தார். சில கலவைகளில் அணுக்கள் கட்டிக்கொண்டன, சிலவற்றில் கட்டவில்லை. 1901-ல் அவர் அதை வெளியிட்டார். இன்று நாம் ஏ, பி, ஓ என்று சொல்லும் குரூப்புகள் அப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தன. ஏபி அடுத்த வருஷம் கண்டுபிடிக்கப்பட்டது. 1930-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த ஜூன் 14-ம் தேதியைத்தான் உலக ரத்த தான நாளாகக் கொண்டாடுகிறோம்.

இந்தக் கண்டுபிடிப்பு நடந்த அறையை எண்ணிப் பாருங்கள். ஒரே ஊரில், ஒரே கூடத்தில், பக்கத்துப் பக்கத்து மேஜையில் வேலை பார்த்தவர்களுக்கு இடையிலேயே ரத்தம் சேராமல் போனது. வித்தியாசம் நாட்டுக்கு நாடு இருப்பதாக அவர் பார்க்கவில்லை, ஆளுக்கு ஆள் இருப்பதாகத்தான் பார்த்தார்.

வீட்டுக்குள்ளும் இதே கதைதான். தகப்பனார் ஏ, தாயார் பி என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் ஓ குரூப்புக்கான மரபணு ஒன்றையும் மறைவாக வைத்திருந்தால், அவர்களுக்குப் பிறக்கும் நாலு பிள்ளைகள் ஏ, பி, ஏபி, ஓ என்று நாலு விதமாகவும் இருக்கலாம். அதில் ஓ குரூப் பிள்ளைக்கு மற்ற மூன்று உடன்பிறப்புகளின் சிவப்பணுவும் ஆகாது, பெற்றவர்கள் இருவருடையதும் ஆகாது. ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. அதே பிள்ளைக்கு, ஆர்எச் (பாசிட்டிவ், நெகட்டிவ்) பொருத்தமும் இருந்தால், பெரு நாட்டு மலையடிவாரத்தில் இருக்கும் ஓ குரூப் விவசாயியின் ரத்தம் தாராளமாகச் சேரும்.

இந்தக் குரூப்புகளின் வயதும் கொஞ்சமல்ல. மனித இனம் தோன்றி ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. ஏ, பி என்ற பிரிவோ குறைந்தது 2 கோடி ஆண்டுகளாக இருந்து வருகிறது என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. சிம்பன்சி, கொரில்லா, கிப்பன் குரங்குகளிடமும் இவற்றில் ஒன்றோ இரண்டுமோ உண்டு. நாடு, மொழி, சாதி எல்லாம் இதன் முன்னால் நேற்றுப் பிறந்தவை.

இருந்தாலும் இந்த நாலு எழுத்துகளை வைத்து மனிதர்களைப் பிரித்துப் பார்க்கும் ஆசை சிலருக்கு வந்தது. அதற்கு விடை சொல்லும் ஓர் ஆய்வு முதல் உலகப்போரின் நடுவிலேயே நடந்தது. லுட்விக் ஹிர்ஷ்ஃபெல்ட், ஹன்னா ஹிர்ஷ்ஃபெல்ட் என்ற போலந்து மருத்துவத் தம்பதி, கிரீஸ் நாட்டின் சலோனிக்கா போர்முனையில் இருந்தார்கள். இங்கிலாந்து, பிரான்ஸ், இத்தாலி, செர்பியா, ரஷ்யா, செனகல், மடகாஸ்கர், வியட்நாம், இந்தியா என்று உலகமே அங்கே படையாகத் திரண்டிருந்தது. 16 இனப் பிரிவுகளைச் சேர்ந்த 8,000-க்கும் மேற்பட்டவர்களின் ரத்தத்தைச் சோதித்து, 1919-ல் அவர்கள் முடிவை வெளியிட்டார்கள். இங்கிலாந்துக்காரர்களில் பி குரூப் நூற்றுக்கு 7 பேர். இந்தியர்களில் நூற்றுக்கு 41 பேர். ஏ குரூப் மேற்கே அதிகம், கிழக்கே குறைவு.

அளவு கூடிக் குறைந்ததே தவிர, சோதித்த ஒவ்வொரு கூட்டத்திலும் எல்லா குரூப்பும் இருந்தன. எதிரெதிர்ப் பதுங்குகுழிகளில் இருந்த பல்கேரியச் சிப்பாயும் செர்பியச் சிப்பாயும் ஒருவருக்கொருவர் ரத்தம் கொடுத்திருக்கலாம். சொந்த ரெஜிமெண்ட்டில் பக்கத்தில் நின்றவன் ரத்தம் சேராமலும் போயிருக்கலாம். அந்தத் தம்பதியும்கூட, ஆதியில் ஏ இனம், பி இனம் என்று இரண்டு தனி இனங்கள் இருந்திருக்கலாம் என்று அப்போது ஊகித்தார்கள். அந்த ஊகம் பின்னால் நிலைக்கவில்லை. ஜெர்மனியில் சிலர் அதைப் பிடித்துக்கொண்டு, பி குரூப் கிழக்கத்தியர்களுக்கும் யூதர்களுக்கும் உரியது, தாழ்ந்தது என்று காட்டப் பார்த்தார்கள். அவர்கள் ஊர் ஜெர்மானியர்களிடமே பி குரூப் தாராளமாக இருந்ததால் அதுவும் பலிக்கவில்லை. ஆனாலும் 1935-ல் நாஜி அரசு ‘ஜெர்மானிய ரத்தத்தைக் காக்கும்’ சட்டம் கொண்டுவந்தது. யாருக்கு எந்த ரத்தம் என்று அந்தச் சட்டம் பார்த்தது தாத்தா பாட்டியின் மதத்தை. ரத்தத்தைச் சோதித்து அதைச் சொல்ல வழியில்லை என்பதால்தான் அப்படி. யூத வம்சத்தில் பிறந்த லுட்விக் ஹிர்ஷ்ஃபெல்ட் பிறகு, நாஜிகள் யூதர்களை ஒதுக்கிவைத்த வார்சா கெட்டோவில் அடைபட்டு, தப்பித்து உயிர் பிழைத்தார்.

அமெரிக்காவிலும் கறை உண்டு. இரண்டாம் உலகப்போருக்காக ரத்தம் சேகரித்த செஞ்சிலுவைச் சங்கம், தொடக்கத்தில் கறுப்பினத்தவரின் ரத்தத்தை வாங்க மறுத்தது. 1942-ல் வாங்கத் தொடங்கியபோதும் அதைத் தனியாகப் பிரித்து வைத்தது. அந்த வழக்கம் 1950-ல்தான் நின்றது. லூசியானா மாநிலத்தில் ரத்தத்தை இனவாரியாகப் பிரிக்கச் சொல்லும் சட்டம் 1972 வரைகூட இருந்தது. பிளாஸ்மாவைப் பிரித்துச் சேமித்து, கடல் தாண்டி இங்கிலாந்துக்கு அனுப்பும் ஏற்பாட்டை 1940-ல் முன்னின்று நடத்தியவர் சார்லஸ் ட்ரூ. ரத்த வங்கி முறைக்கே அடித்தளம் இட்டவர்களில் ஒருவர் அவர். அவரும் கறுப்பினத்தவர்தான். இந்தப் பிரிவினைக்கு அறிவியல் ஆதாரம் எதுவும் இல்லை என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார்.

இதை ஏன் விரிவாகச் சொல்கிறேன் என்றால், உங்கள் சொந்தக்காரப் பெரியவர் கேட்ட கேள்வியைப் படித்தவர்களும், அரசாங்கங்களும், சட்டமன்றங்களும் கேட்டிருக்கின்றன. அவர் மேல் கோபப்பட வேண்டாம். நம் ரத்த வங்கிகளிலும், “ரத்தம் கொடுத்தது எந்த ஆளுங்க?” என்று மெதுவாகக் கேட்கும் உறவினர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பாக்கெட் மட்டும் கிடைக்காமல் போனால் என்ன ஆகும் என்று எடுத்துச் சொன்ன பிறகு யாரும் இரண்டாம் தடவை கேட்டதில்லை.

இனி உங்கள் அண்ணன் சொன்னது. பாசத்தில் சொல்லியிருக்கிறார். ஆனால் மூன்று பேரில் ஆபத்தான கருத்து அவருடையதுதான். நெருங்கிய ரத்த உறவினரின் ரத்தம், முன்பின் தெரியாதவர் ரத்தத்தைவிடப் பத்திரமானது அல்ல. சில வேளைகளில் அதைவிட மோசமானது.

எப்படி என்று சொல்கிறேன். தானமாக வரும் ரத்தத்தில் கொடுத்தவரின் வெள்ளையணுக்களும் கொஞ்சம் கலந்து வரும். அந்நியர் ரத்தமாக இருந்தால், வாங்கியவரின் உடம்பு அவற்றை ‘இது நம்முடையதல்ல’ என்று கண்டுகொண்டு அழித்துவிடும். அப்பா, மகன், உடன்பிறந்தவர் போன்றவர்களின் வெள்ளையணுக்கள் வாங்கியவரின் அணுக்களைப் பெரிதும் ஒத்திருக்கும். அதனால் சில சமயம் உடம்பு அவற்றைத் தன்னுடையவை என்றே நினைத்து விட்டுவிடும். உள்ளே தங்கிய அந்த அணுக்கள் பெருகி, வாங்கியவரின் தோல், குடல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை எல்லாவற்றையும் தாக்கத் தொடங்கும். அபூர்வமாக நடப்பதுதான். ஆனால் நடந்துவிட்டால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பிழைப்பதில்லை. மக்களிடையே மரபணு ஒற்றுமை அதிகமாக உள்ள ஜப்பானில் இது அதிகமாகத் தென்பட்டது. ஆகவே நெருங்கிய உறவினரின் ரத்தத்தை ஏற்றியே தீர வேண்டுமென்றால், முதலில் அதற்குக் கதிர்வீச்சு கொடுத்து அந்த வெள்ளையணுக்களைச் செயலிழக்கச் செய்ய வேண்டும் என்பது மருத்துவ விதி. பிள்ளை பெறும் வயதில் உள்ள மனைவிக்குக் கணவரின் ரத்தம் ஏற்றுவதையும் தவிர்க்கச் சொல்கிறோம். பிறக்கப்போகும் குழந்தையின் சிவப்பணுக்களைத் தாக்கும் எதிரணுக்கள் அவர் உடம்பில் உண்டாகிவிடலாம்.

உங்கள் அண்ணன் செய்யக்கூடிய நல்ல காரியம், ரத்த வங்கிக்குப் போய்ப் பொதுவில் கொடுப்பது. அவருடைய ரத்தம் யாரோ ஒருவருக்குப் போகும். உங்கள் மகனைப் போன்றவருக்கு யாரோ ஒருவருடையது வரும். இந்த ஏற்பாடுதான் பத்திரம்.

அப்படியானால் வம்சம், பூர்விகம் எதற்குமே ரத்தத்தில் இடமில்லையா? இருக்கிறது. சின்ன மகனும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏ, பி, ஓ தவிர வேறு பல குரூப் அமைப்புகள் ரத்தத்தில் உண்டு. அவற்றில் சில, குறிப்பிட்ட பகுதி மக்களிடம் அதிகம். ஆர்எச் நெகட்டிவ் ஐரோப்பியர்களில் நூற்றுக்குப் 15 பேர் போல. நம் நாட்டில் 5 பேர் போல. சீனாவிலும் ஜப்பானிலும் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. மேற்கு ஆப்பிரிக்காவில் டஃபி என்ற குரூப் கிட்டத்தட்ட யாரிடமும் கிடையாது. ஒருவகை மலேரியாக் கிருமி சிவப்பணுவுக்குள் நுழைவதற்குப் பிடித்துக்கொள்ளும் இடம் அது என்பதால், அது இல்லாதவர்களே அங்கே தலைமுறை தலைமுறையாகத் தப்பித்தார்கள். இதேபோல் மலேரியாவோடு தொடர்புள்ள அரிவாள் செல் ரத்தசோகையும் ஆப்பிரிக்காவில் மட்டும் உள்ள நோய் அல்ல. கிரீஸின் சில பகுதிகளிலும், அரபு நாடுகளிலும், நம் நீலகிரிப் பழங்குடியினரிடமும் உண்டு. இவர்கள் எல்லாரையும் இணைப்பது இனம் இல்லை, மலேரியாக் கொசு. தென் அமெரிக்கப் பூர்வகுடிகளிடம் காணப்படும் டியேகோ என்ற குரூப், ஜப்பானியரிடமும் சீனரிடமும் இருக்கிறது. ஆசியாவிலிருந்து அங்கே நடந்துபோன மூதாதையரின் தடயம் அது.

அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியா, அரிவாள் செல் நோயாளிகளுக்கு இந்த நுணுக்கப் பொருத்தங்களையும் பார்க்க வேண்டும். எலும்பு மஜ்ஜை மாற்றுக்கோ இன்னும் நெருக்கமான பொருத்தம் தேவை. அதனால்தான் இந்தியர்களுக்கென்று இங்கேயே கொடையாளர் பதிவேடுகள் வேண்டும். சென்னையிலிருந்து இயங்கும் ‘தாத்ரி’ அப்படிப்பட்ட ஒன்று. இங்கேயும் நாட்டின் எல்லைக்கோடு கணக்கில் வராது. இலங்கையிலோ மலேசியாவிலோ உள்ள ஒருவருக்குப் பொருத்தம் மதுரையில் கிடைக்கலாம்.

அபூர்வ குரூப்காரர்களைப் பார்த்தால் எல்லைகள் எவ்வளவு பயனற்றவை என்பது புரியும். 1952-ல் பம்பாயில் டாக்டர் ஒய்.எம். பெண்டேயும் அவருடன் இருந்தவர்களும் கண்டறிந்தது ‘பாம்பே’ குரூப். இந்தியாவில் ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவருக்கு இருக்கும். ஐரோப்பாவில் பத்து லட்சம் பேரில் ஒருவரைத் தேட வேண்டும். சாதாரணச் சோதனையில் ஓ என்று காட்டும், ஆனால் ஓ ரத்தமும் இவர்களுக்கு ஆகாது. இன்னொரு பாம்பே குரூப்காரர்தான் கொடுக்க வேண்டும். ஆர்எச் அமைப்பு முழுவதுமே இல்லாத இன்னொரு வகையை 1961-ல் ஆஸ்திரேலியப் பூர்வகுடிப் பெண் ஒருவரிடம் முதன்முதலாகக் கண்டார்கள். உலகம் முழுவதும் தெரிந்தவரை ஐம்பது பேருக்குள்தான் இருக்கிறார்கள். இப்படிப்பட்டவர்களுக்காக 1965-ல் தொடங்கிய ஒரு சர்வதேசக் கொடையாளர் பட்டியல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பராமரிக்கப்படுகிறது. அபூர்வ குரூப்காரருக்கு ரத்த உறவு என்று சொல்லத்தக்கவர், அவர் முகமே பார்த்திராத, அவர் மொழியே பேசாத ஒருவராக இருக்கலாம்.

ஒருவர் கொடுப்பது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசன் உதாரணம். பதினான்கு வயதில் பெரிய நெஞ்சு அறுவை சிகிச்சையின்போது பிறர் ரத்தத்தால் பிழைத்தார். பதினெட்டு வயதில் தானும் கொடுக்கத் தொடங்கினார். அவர் ரத்தத்தில் அபூர்வமான ‘ஆன்டி-டி’ எதிரணு இருப்பது தெரியவந்தது. ஆர்எச் நெகட்டிவ் தாய்மாரின் குழந்தைகளைக் காக்கும் ஊசியை அதிலிருந்துதான் தயாரிக்கிறார்கள். 81 வயது வரை 1,173 முறை கொடுத்தார். அதனால் பயன்பெற்ற குழந்தைகள் சுமார் 24 லட்சம் என்று அந்நாட்டு ரத்த சேவை கணக்கிடுகிறது. 2025 பிப்ரவரியில் காலமானார்.

ரத்தத்தில் வேற்றுமை தேடுகிறவர்கள் பார்க்க வேண்டிய வேற்றுமை ஒன்று உண்டு. உலக சுகாதார நிறுவனக் கணக்கின்படி ஆண்டுக்குச் சுமார் 11 கோடியே 85 லட்சம் ரத்த தானங்கள் நடக்கின்றன. அதில் நூற்றுக்கு நாற்பது, உலக மக்களில் நூற்றுக்குப் பதினாறு பேரே வாழும் பணக்கார நாடுகளில் நடக்கிறது. ஏழை நாட்டில் பிரசவத்தில் ரத்தம் இழக்கும் பெண்ணுக்குப் பொருத்தமான குரூப் உலகில் இல்லாமல் இல்லை. அவள் படுத்திருக்கும் ஆஸ்பத்திரியில்தான் இல்லை.

எனவே என் தீர்ப்பு: பெரியவர் சொன்னது முழுத் தவறு. அண்ணன் சொன்னது நல்லெண்ணமுள்ள தவறு. சின்ன மகன் சொன்னது தொண்ணூறு பங்கு சரி. மனிதர்களின் ரத்தத்தில் வேற்றுமை உண்டு. ஆனால் அந்த வேற்றுமை நாட்டுக்கு நாடு, சாதிக்குச் சாதி கோடு போட்டுப் பிரியவில்லை. ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் புகுந்து பிரித்திருக்கிறது, ஒவ்வொரு எல்லையையும் தாண்டிச் சேர்த்தும் இருக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சின்ன மகனுக்கு 18 வயது நிரம்பி, எடை 45 கிலோவும் ஹீமோகுளோபின் 12.5-ம் இருந்தால் அவர் ரத்தம் கொடுக்கலாம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். எடுப்பது 350 அல்லது 450 மில்லிதான். அந்தப் பையில் குரூப், எண், எடுத்த தேதி, காலாவதித் தேதி, சோதனை முடிவு எழுதியிருக்கும். கொடுத்தவர் பெயர், மதம், ஊர் எதுவும் இருக்காது. பிரித்தெடுத்த சிவப்பணு ஆறு வாரம் வரை தாங்கும், தட்டணு (பிளேட்லெட்) ஐந்து நாள்தான் தாங்கும். எனவே ரத்த தான முகாம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பக்கத்து அரசு ஆஸ்பத்திரி ரத்த வங்கிக்கு அண்ணனையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.